சாம்பலில் இருக்கக் கூடாத சிகரம்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சாம்பலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டது யாரென்று யாருக்கும் நினைவில்லை. அவளுக்கும் அதில் குறையில்லை. "எதை வேணா எரிச்சுப் பாருங்க, கடைசியில மிச்சம் நிக்கறது நாங்கதான்" என்பாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு அவள் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே இயந்திரம் வந்தது. கைகள் வெளியே போயின. கூட வேலை பார்த்த ஒருத்தி, "எங்கயோ கரியும் சாம்பலும் அரைக்க ஆள் வேணுமாம், போறியா?" என்று கேட்டாள். ஏதோ அரவை மில் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள். வந்து பார்த்தால் ஒரு நீளமான அறை. மின்சார உலர்த்தி ஒன்று, சல்லடைகள், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. உள்ளறையில் இடுப்பு உயரத்துக்கு ஈயத்தால் கட்டிய ஒரு தொட்டி. அதன் நடுவே கிணறு போல ஒரு குழி, குழிக்குள் அளக்கும் கருவி, மேலே இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய ஈய மூடி. எல்லோரும் அதைக் கிணறு என்றே சொன்னார்கள்.

வேலை இதுதான். அனல் மின் நிலையத்திலிருந்து நிலக்கரி ஒரு பையில் வரும். அதே கரி எரிந்து மிஞ்சிய சாம்பல் இன்னொரு பையில் வரும். கரியில் மண்ணில் உள்ளது போலவே கொஞ்சம் ரேடியமும் தோரியமும் பொட்டாசியமும் இருக்கும். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது இல்லையா? கரி எரியும்போதும் அப்படித்தான். மூன்று பங்கு கரி எரிந்து ஒரு பங்கு சாம்பல் ஆனால், மூன்று பங்கில் பரவிக் கிடந்தது ஒரு பங்கில் வந்து குவியும். அந்தச் சாம்பல் செங்கல்லாகிறது, சிமெண்டில் சேர்கிறது, ரோட்டுக்கு அடியில் போகிறது. அதில் நாலு பேர் குடியிருக்கப் போகிறார்கள். ஆகவே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் அளந்து பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

வந்ததை ஒரு பகலும் ஒரு இரவும் காய வைப்பாள். அரைப்பாள், சலிப்பாள், உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டியில் கோடு வரைக்கும் நிரப்புவாள். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு பொய் சொல்லும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வருடத்தில் தானே நாலு பெட்டிகளை வெவ்வேறு உயரத்துக்கு நிரப்பிக் கிணற்றில் வைக்கச் சொல்லி, வந்த எண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு மூடி, மெழுகு, அதன்மேல் நாடா, நாடாவின்மேல் தேதி. அலமாரியில் நாலு வாரம். அதற்குப் பிறகுதான் கிணறு.

"எதுக்கு நாலு வாரம்? ஊறப் போடறீங்களா?" என்று ஒருமுறை அவள் கணவர் கேட்டார்.

"ரேடியத்தை நேரா பாக்கறது கஷ்டங்க. அதோட புள்ளைங்களைப் பாத்துத்தான் அப்பன் எவ்வளவு பெரிய ஆளுன்னு கணக்குப் போடணும். மூத்தது வாயு. கதவு திறந்திருந்தா ஓடிப் போயிடும். அடைச்சு வச்சா நாலு வாரத்துல எல்லாப் புள்ளைங்களும் வீடு வந்து சேந்துடும்."

"நம்ம வீட்டுல அந்தச் செலவே இல்ல. அப்பனைப் பாத்தாலே தெரியும், சின்ன ஆளுன்னு."

அவர் பஸ் டிரைவர். இருபத்தோரு வருடங்களாக ஒரே டிப்போ. இரண்டு பேரின் வேலைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு என்று அவர் சொல்வார்: ஒழுங்காகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அவளுடைய இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாம்பல் மாவை விட நைசு. பெட்டிக்கு வெளியே, மூடியின் விளிம்பில், நாடாவின் ஓரத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அது கிணற்றுக்குள் கொட்டினால் அடுத்த பெட்டிக்கும் அதுவே பாவக் கணக்காகச் சேரும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் ஈரத் துணியால் துடைத்துத்தான் உள்ளே அனுப்புவாள். ஆபீஸ் கொடுத்த காகிதம் நார் நாராக உதிர்ந்தது. வீட்டிலிருந்து பழைய பருத்திப் படுக்கை விரிப்பைக் கிழித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைப்பாள். அதற்கென்று தனியாக ஒரு பச்சை வாளி. அதில் வேறு எதையும் நனைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். மகள் ஒருநாள் அதில் கால் கழுவிவிட்டாள் என்பதற்காக அக்கா அந்த வாரத் துணியையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிழித்தாள்.

பதினான்கு வருடத்தில் அவள் அடைத்த ஒரு பெட்டியையும் திரும்ப அடைக்க நேர்ந்ததில்லை.

அந்த வருடம் டிரைவருக்கு உடம்பு இளைத்தது. நன்றாகத்தான் சாப்பிட்டார், சொல்லப் போனால் இரண்டு ஆள் சாப்பாடு. ஆனால் சட்டை தோளில் தொங்கியது. விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் வேர்த்தது. டீக் கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. "டீ சூடு" என்றார். ஆறின டீயும் ஆடியது. "சாசர் கோணல்" என்றார். ஒருநாள் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரின் நெஞ்சில் அவள் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது இதயம் மாதிரியே இல்லை, பூட்டிய அறையில் அகப்பட்ட பறவை மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரே ஒரு குளிகை. விழுங்கினால் அது நேராகக் கழுத்துக்குப் போய் அந்தச் சுரப்பியை அடக்கிவிடும்.

வெளியே வந்ததும் டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "உங்க ஆபீஸ் சாமானையா எனக்குக் குடுக்கப் போறாங்க?"

"எங்க சாமான் கல்லுக்குள்ள கோடி வருஷமா இருக்கறது. இது வேற. எட்டு நாளைக்கு ஒருக்கா பாதியாகும். ரெண்டு மூணு மாசத்துல இருந்த இடம் தெரியாது."

"சரி. ஆனா ஒண்ணு. டிப்போவுல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. இதயம் படபடக்குது, கை நடுங்குதுன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் புடுங்கிடுவாங்க. நான் முதுகு வலின்னு லீவு எழுதிக் குடுத்திருக்கேன். உன் ஆபீஸ்லயும் அதையேதான் சொல்லணும். என் மேல சத்தியம்."

அவர் கையைப் பிடித்திருந்த விதத்தில் அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அவருக்கு அந்த ஸ்டியரிங்தான் எல்லாம். அதை விட்டால் அவர் யார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமை குளிகை. நர்ஸ் ஒரு சின்ன ஈயச் சிமிழை நீட்டினாள். அவர் அதைக் கவிழ்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "அவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு நாளா நான் தூங்கல?" என்றார். ஒரு காகிதம் தந்தார்கள். ஒரு வாரம் தனிப் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர். துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். தையல் நாடாவை எடுத்து அவர் கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"என் வீட்டுல எனக்கே எல்லைக்கோடா?" என்றார் கட்டிலில் இருந்தபடி.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் ராஜா நீங்கதான். இந்தப் பக்கம் வந்தா மட்டும் கேள்வி கேப்பேன்."

காகிதத்தில் இருந்த எல்லாவற்றையும் அவள் எழுத்துப் பிசகாமல் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தலையணை உறை, துண்டு, பனியன் எல்லாவற்றையும் தனி வாளியில் ஊற வைத்து, இரண்டு முறை அலசி, தனிக் கொடியில் காயப் போட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அன்றைக்கு நாலு சாம்பல் பெட்டிகளுக்கு நாலு வாரம் முடிந்திருந்தது. துடைத்து வரிசையாக வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி கிணற்றுக்குள் போயிற்று.

கிணற்றுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவரைக் கண்ணாடி என்பார்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற ஆள். திரையில் வரும் கோட்டுப் படத்தில் ஆங்காங்கே ஊசி ஊசியாகச் சிகரங்கள் எழும். ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு எண் உண்டு. எண்ணைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ரேடியத்தின் பிள்ளை ஒன்று முந்நூற்று ஐம்பத்திரண்டில் நிற்கும். பொட்டாசியம் ஆயிரத்து நானூற்று அறுபதில். கண்ணாடிக்கு அவை ஒரு தெருவின் வீட்டு எண்கள் போல.

வியாழக்கிழமை காலையில் அவர் குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, இங்க கொஞ்சம் வந்து பாருங்க. நம்ம தெருவுல யாரோ புதுசா குடி வந்திருக்காங்க."

டாக்டரம்மாதான் ஆய்வுக்கூடத் தலைவி. அவர் இயற்பியலில் பட்டம் வாங்கிய டாக்டர். ஆனாலும் காய்ச்சல் வந்தால் வாட்ச்மேன் அவரிடம்தான் மாத்திரை கேட்பார். அவர் வந்து குனிந்து பார்த்தார். ரேடியத்தின் சிகரத்தை ஒட்டி, முந்நூற்று அறுபத்து நாலில், ஒரு குட்டிச் சிகரம்.

"முதல் பெட்டியிலயே இருந்துச்சு. ஏதோ தூசுன்னு விட்டுட்டேன். ரெண்டாவதுலயும் இருக்கு, மூணாவதுலயும் இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி எண்ணின கரிப் பெட்டி ஒண்ணுலயும் இல்ல."

டாக்டரம்மா அந்தச் சிகரத்தின் எண்ணை மறுபடி சரிபார்த்தார். "அயோடின்" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரியில தைராய்டுக்குக் குடுக்கறது. கரியில இது இருக்கவே முடியாது. இருந்தாலும் நெருப்புல ஆவியாகிப் போயிருக்கும்."

சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

"அப்ப சாம்பலுக்குள்ள எப்படி?" என்றார் கண்ணாடி.

"ரெண்டே வழி. ஒண்ணு, எரிஞ்சதுக்கு அப்புறம் சாம்பல் மேட்டுல யாரோ ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கணும். இல்லன்னா நம்ம கூடத்துக்குள்ளயே எங்கயோ ஒட்டியிருக்கணும். உங்க ரெண்டு பேர்ல யாராவது இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேனோ மருந்தோ எடுத்தீங்களா?"

"எனக்குக் கண்ணாடிக்கடையோட சரி" என்றார் கண்ணாடி.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்றாள் அக்கா.

உண்மைதான். அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த உண்மை நாக்கில் வேப்பங்காயாகக் கசந்தது.

"அப்படின்னா கழிவுதான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மின் நிலையத்துக்குக் கடிதம் போகணும். விசாரிக்கற வரைக்கும் அந்த மேட்டுலேருந்து ஒரு லாரிச் சாம்பல் வெளிய போகக் கூடாது. பாவம், செங்கல் சூளைக்காரங்க எத்தனை பேர் வேலையில்லாம உக்காரப் போறாங்களோ. வேற வழியில்ல."

அன்று முழுவதும் அக்கா தன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து மனசுக்குள் தேடினாள். ஒரு பெட்டி கோளாறாக இருந்தால் எப்படித் தேடுவாளோ அப்படி. குளித்துவிட்டுத்தான் வந்தேன். வேறு துணி உடுத்தித்தான் வந்தேன். செருப்பைக் கூட மாற்றினேன். அவர் தட்டு தனி, டம்ளர் தனி. துணி தனி. கொடி தனி. வாளி தனி.

எந்த வாளி?

மற்ற வாளிகளில் குடும்பத் துணி நனையும். அவருடையதை அதில் போடக் கூடாது. வீட்டில் யாரும் தொடாமல் தனியாக இருந்தது ஒரே ஒரு வாளி. பச்சை வாளி. அவருடைய தலையணை உறையை அதில்தான் ஊற வைத்தாள். அலசிக் காயப் போட்டாள். கை பழகிய பழக்கம், அதன்பின் அதே வாளியில் துடைக்கும் துணிகளைப் போட்டாள். ஒழுங்கீனமான ஒரு பெண்ணாக இருந்திருந்தால் ஏதோ ஒரு வாளியில் போட்டிருப்பாள், ஆபீசுக்கு ஒன்றும் வந்திருக்காது. அவளுடைய ஒழுங்குதான் அவளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பச்சை வாளியில் சறுக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடி சாப்பிடப் போனதும், துடைக்கும் துணி ஒன்றை மடித்து வெறும் பெட்டியில் போட்டாள். நாலாவது பெட்டியும் காலையிலேயே எண்ணி முடிந்திருந்தது. தோளைக் கொடுத்து ஈய மூடியைத் தனியாகத் தள்ளினாள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. முந்நூற்று அறுபத்து நாலில், பக்கத்து வீடுகளை எல்லாம் குள்ளமாக்கிக்கொண்டு, பனைமரம் மாதிரி ஒரு சிகரம் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வேர்வைதான் அது. இருபது வருடமாகத் தெரிந்த மனிதர், தலையணை உறை வழியாக நடந்து வந்து, அவள் வேலை செய்யும் இடத்தில், எண்ணோடு நின்றார்.

படிக்கட்டுக்கு அடியில் போய் போன் போட்டாள்.

"ஏங்க, நான்தான். என் மெஷின் உங்களைக் கண்டுபிடிச்சிடுச்சு."

விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த மெஷினுக்கு வாய் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நீ ஏன் பேசற? துணியைத் தூக்கிப் போடு. பெட்டியை நல்லாத் துடை. அடுத்த வாரம் தானே மறைஞ்சிடும்னு நீதானே சொன்ன, எட்டு நாளைக்குப் பாதின்னு?"

"மறைஞ்சிடும். ஆனா கடிதம் இன்னைக்கே போயிடும். யாரோ பண்ணாத தப்புக்கு லாரி நிக்கும், சூளை நிக்கும். சாம்பல் மேட்டுக் காவல்காரனை நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடமா?"

"நீ எனக்குச் சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணியிருக்கேன்."

"அப்புறம்?"

"அதான் போன் பண்றேன். உங்ககிட்ட கேக்காம உடைக்க மனசு வரல."

"உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. கோபம்.

டாக்டரம்மா கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்துக் கையெழுத்துக்குப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, அது சாம்பல் இல்ல. துடைக்கற துணி. எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்தாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. பதினான்கு வருடமாக இந்த அறையில் அவள் ஒரு பொய் எண்ணை எழுதியதில்லை. "பக்கத்து வீடு இல்லீங்க. எங்க வீட்டுக்காரர். போன வாரம் வியாழக்கிழமை அயோடின் குளிகை. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னார். நேத்து நீங்க கேட்டப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அது தப்பு."

கை நடுக்கம், லீவு, பச்சை வாளிக் கதை எல்லாவற்றையும் சொன்னாள். துணியை வைத்து எண்ணிய படத்தையும் மேசையில் வைத்தாள். பிறகு திட்டுக்காகக் காத்து நின்றாள்.

டாக்டரம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. "இப்ப அவருக்கு எப்படி இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரமாக அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. யாருக்கும் தெரிந்தால்தானே கேட்பதற்கு. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. டாக்டரம்மா எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். கண்ணாடி எங்கிருந்தோ ஒரு டீயோடு வந்து, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டு, "சாசர் நேராத்தான் இருக்கு அக்கா, பயப்படாம குடிங்க" என்றார். அவர் எதற்கு அப்படிச் சொன்னாரோ, அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

கடிதம் கிழிந்தது. அன்று சாயங்காலமே நாலு பெட்டிகளையும் புதுக் கையுறை போட்டு, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, அடுத்த வாரம் முழுக்க மறுபடி எண்ணினார்கள். குட்டிச் சிகரம் போயே போய்விட்டது. ரேடியம் மட்டும் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. கதிரியக்கத்தை அளக்கும் பெக்கரல் கணக்கில் கரியில் கிலோவுக்கு இருபத்திரண்டு, சாம்பலில் அறுபத்தைந்து. மூன்று பங்கு கரிக்கு ஒரு பங்கு சாம்பல் என்ற கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. வேலைக் குறிப்பேட்டில் டாக்டரம்மா தன் கையால் எழுதினார்: "துடைக்கும் துணியில் மருத்துவ அயோடின் கலந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர், மாதிரிகளைத் தயார் செய்பவர்." யாருடைய வீடு, யாருடைய கழுத்து என்று ஒரு எழுத்தும் இல்லை. அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தப்பு செய்தவரும் அவர்தான் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஆனால் கடிதம் கிழிந்த அந்த வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார்.

"லீவு எப்ப முடியுது?"

"வர்ற திங்கள்."

"நடுக்கம் நிக்க ரெண்டு மூணு மாசம் கூட ஆகும். அவரு பஸ்ஸுல ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுவாங்க?"

அக்கா மனசுக்குள் எண்ணினாள். அம்பது பேர். நெரிசல் நேரத்தில் எழுபது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வேலையும் இல்ல. ஒரு பெட்டியில ஒட்டின ஒரு துளி வேர்வைக்கு இவ்வளவு நியாயம் பாத்தீங்களே, அதான் கேட்டேன்."

வீட்டுக்குப் போனாள். சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"சொல்லிட்டேன்."

"தெரியும்."

"பேரு எழுதல. யாருக்கும் போகாது."

"சரி."

"ஆனா நீங்க திங்கக்கிழமை வண்டி எடுக்கக் கூடாது."

அவர் திரும்பினார். "அதான பாத்தேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கேன்னு."

"டீ சூடுன்னீங்க, சாசர் கோணல்னீங்க. நாளைக்கு பிரேக் கோணல்னு சொல்ல முடியுமா? எழுவது பேருங்க. நம்ம பொண்ணு மாதிரி ஸ்கூல் பை மாட்டிக்கிட்டு எத்தனை ஏறுது."

"இருபத்தோரு வருஷம். ஒரு உரசல் இல்ல."

"அதுக்காகத்தான் சொல்றேன். பதினாலு வருஷம் ஒரு பெட்டி தப்பாகலன்னு நானும்தான் நெனச்சேன். நம்ம ஒழுங்கா இருக்கோம்கற திமிருதான் நம்ம கண்ணை மறைக்குது. எனக்கு வாளியில போச்சு. உங்களுக்கு ரோட்டுல போகக் கூடாது."

அவர் தன் வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி விரல்களைப் பார்த்தார். இந்த முறை எதன்மேலும் பழி போடவில்லை.

திங்கட்கிழமை அவரே டிப்போ டாக்டரைப் பார்க்கப் போனார். அவளைக் கூட வரச் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போய்விட்டாள். கை வேலையைச் செய்தது, காது போனில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் எதனால் என்று சொல்ல முடியாதபடி.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல முதுகு வலின்னு பொய் சொன்னதுக்கு ஒரு மூச்சு திட்டினார். நல்லாத்தான் திட்டினார், நானே ரசிச்சேன். அப்புறம் சட்டைக் காலரை இறக்கிக் காட்டினார். அவருக்கும் கழுத்துல தழும்பு. எனக்கு ஒரு குளிகையில முடிஞ்சது அவருக்குக் கத்தியில முடிஞ்சிருக்கு. 'மூணு மாசம் ஸ்டியரிங் தொடக் கூடாது, ரத்தம் சரியா வந்தா நானே கையெழுத்துப் போடறேன், தைரியமா இரு'ன்னார்."

"அதுவரைக்கும்?"

"அறிவிப்பு அறை. மைக்கு." அவர் முகத்தைச் சுளித்தார். "இருபத்தோரு வருஷம் வண்டி ஓட்டினவன், இனிமே வண்டி வருதுன்னு சொல்லணுமாம்."

"சொல்லிப் பாருங்க."

"இப்பவா?"

"எனக்குக் கேக்கணும்."

அவர் ஒரு பெரிய வெங்காயத்தை வாய்க்கு முன்னால் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் எண் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும். ஓட்டுநர் நல்லவர். அவசரப்படாமல் ஏறவும்."

"கடைசி ரெண்டு வரி மைக்குல சொல்லக் கூடாது."

"அது உனக்கு மட்டும்."

அவள் சிரித்தாள். இந்தப் பக்கம் டாக்டரம்மா, அந்தப் பக்கம் காலரை இறக்கிக் காட்டிய அந்தப் பெயர் தெரியாத மனிதர், நடுவில் எதையும் கேட்காமல் டீ வைத்துவிட்டுப் போன கண்ணாடி. ஒரே வாரத்தில் இத்தனை பேரிடம் கடன்பட்டாகிவிட்டது. யாரிடம் போய், எப்படிச் சொல்வது? தெரியவில்லை. அதனால் அவர் பக்கத்தில் போய் நின்று, இன்னொரு கத்தியை எடுத்து, மிச்ச வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

அவர் அடுத்த பேருந்தை அறிவித்தார்.